நாக்கு குழறுகதுக்கு முன்ன

நீ எங்கிட்ட மன்னிப்பு கேக்கப்படாது மக்களே. மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டு. வயித்துல அஞ்சு மாசப் பிள்ளைய வச்சுக்கிட்டு, இப்பிடி கண்ணத் தொடச்சுக்கிட்டே வண்டி ஓட்டப்படாது. என்னத்துக்கு இப்பம் அழுக? டாக்டரு சொல்லியாச்சு, இது சாமி இல்ல, சீக்கு, தீனம்னு. செரி, தீனம். அதுக்கு நீ ஏன் அழணும்?

இருவத்தோரு வருசமா அத்தைய வெறுத்துட்டேன், ஒரு தீனக்காரியப் போயி எங்க அம்மையக் கொன்னவன்னு நெனச்சுட்டேன்னு சொல்லுக. சொல்லிட்டே, நான் கேட்டுட்டேன். கொஞ்சம் சும்மா இரி, என்னா? எனக்கும் சொல்லதுக்கு ஒண்ணு உண்டு. அத நேரத்தோட சொல்லணும்.

கோவமா? எனக்கு யாருமேல கோவம்? அதெல்லாம் இல்ல. அந்தக் கண்ணாடிக்கு மேல இருக்கத எறக்கி விடு, வெயிலு கண்ணுல குத்துது. ஏசி போதும், கூட்டாண்டாம். நீ தலைக்கு என்ன எண்ண தேச்சிருக்க? ஒண்ணுமே தேய்க்கலையா? ஷாம்பூ மட்டுமா? காச்சுன எண்ண மாதிரி ஒரு மணம் வந்துது, அதான் கேட்டேன். சாரமில்ல, அத விடு. நீ ஓட்டு.

டாக்டர் ஸ்ரீகுமார் நல்ல மனுசன், கேட்டியா. மலையாளத்துல பைய பைய, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லுக மாதிரி சொன்னாரு. நீ வெளிய போன்ல ஒனக்க மாப்பிள்ள சிபிகிட்ட பேசிக்கிட்டு இருந்தப்பம், எனக்குத் தனியா ஒரு பேப்பர்ல மண்டைய வரைஞ்சு காட்டினாரு. செரட்டையக் கவுத்தி வச்சாப்புல இருந்துது. பின்னால இருந்து ஒரு அலை கெளம்புமாம். கரண்டு அலை. ரெம்பப் பைய வருமாம், ஒரு நிமிசத்துக்கு மூணு மில்லிமீட்டரு. எறும்பு கூட அதவிட வெரசலாப் போவும்லா. அது போற வழியில இருக்க நரம்பெல்லாம் ஒருக்கா துள்ளிட்டு, பெறகு ஒறங்கிப் போயிருமாம். கண்ணுக்குள்ள எடத்துல அது வந்தா வெளிச்சம் தெரியும். கை, உதடுக்குள்ள எடத்துக்கு வந்தா மரமரப்பு வரும். வார்த்தைக்குள்ள எடத்துக்கு வந்தா நாக்கு குழறும். அது முடிஞ்ச ஒடனே, முகத்துக்கு வாற நரம்பு ஒண்ணு மண்டைக்குள்ள ஒரு வஸ்துவத் தெளிக்குமாம். இங்கிலீசுல நாலு எழுத்து சொன்னாரு, எனக்கு வாயில நிக்கல. அந்த வஸ்து பட்டா ரத்தக் கொழாயெல்லாம் வீங்கும். அதுதான் அந்த இடி. செரட்டோனின்னு இன்னொண்ணு உண்டாம், அது ஏறி எறங்குகதுலதான் எல்லாம் கெட்டுப் போவுதாம். பட்டினி கெடந்தா, ஒறக்கம் கெட்டா, பொக, மணம், வெளிச்சம் பட்டா, அந்த அளவு தவறிப் போவும். இது பொறப்புலயே அப்பிடிப்பட்ட மண்டை அம்மா, நீங்க பண்ணுன குத்தம் ஒண்ணும் இல்லன்னாரு.

நல்லா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நீங்க பண்ணுன குத்தம் ஒண்ணும் இல்லன்னு.

பெறகு கேட்டாரு, எந்தக் கிழமை ஜாஸ்தி வருதுன்னு. நான் வெள்ளிக்கிழமைன்னேன். வெள்ளிக்கிழமை என்னெல்லாம் செய்வீங்கன்னு கேட்டாரு. விடியக்காலம் எழும்பி தலைக்குக் குளிப்பேன், ஈரத்தலையோட வீடு மொழுகுவேன், வெளக்கு வைக்கது வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம், சாயங்காலம் சாம்பிராணி போடுவேன், நூத்தியெட்டு திரி கொளுத்துவேன்னு சொன்னேன். அவரு பேனாவ வச்சுட்டு என்னப் பாத்தாரு. பாத்துட்டு, அம்மா, இதுல ஒண்ணு போதும் ஒரு மண்டையிடி வாறதுக்கு, நீங்க அஞ்சையும் சேத்துப் பண்ணியிருக்கீங்கன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துது. முப்பது வருசம், வெள்ளிக்கிழமை வெரதம் இருந்தா அம்மன் எறங்குவான்னு நம்ம வீட்டுல எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நின்னோம். அந்த வெரதம்தான் அத எறக்கியிருக்கு. என்ன பண்ண?

ஆரியசாலையில அந்த வீட்டப் பத்தி ஒனக்கு எவ்வளவு ஓர்மை இருக்குன்னு எனக்குத் தெரியாது. கீழ ஒங்க மாமா கட. மொளகா வத்தலும் காயமும் மல்லியும் மூட மூடையா கெடக்கும். அந்த நெடிக்கு மேலதான் நம்ம குடித்தனம். நான் ஆரல்வாய்மொழியில இருந்து வாக்கப்பட்டு வந்தப்பம் எனக்கு இருவது வயசு. ஏழு வருசம் பிள்ள இல்ல. எங்க மாமியா, அதான் ஒங்க ஆச்சி, என்னப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா. ஏ, இந்தா, அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கது, மூட தைக்கது, மொளகாய மொறத்துல போட்டு நோம்புகது. பந்தியில கடைசி எல எனக்கு. சில நாளு கறி தீந்து போவும், நான் ரசத்த ஊத்தித் தின்னுட்டு எழும்பிருவேன்.

அப்பம்தான் மொத வெள்ளிக்கிழமை வந்துது. அன்னைக்குக் காலையில இருந்தே எனக்குக் கொட்டாவி. அடக்க முடியாத கொட்டாவி. சர்க்கரை தின்னணும்னு ஒரு வெறி, ஆச்சிகிட்ட கேட்டேன், தரல, வெல்லத்த ஒளிச்சு வச்சுத் தின்னேன். சாயங்காலம் வெளக்குக்கு முன்ன இருந்தப்பம் கண்ணுல ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பெருசாகி, பல்லு பல்லா வெட்டி வெட்டி மின்னிக்கிட்டு, வளைஞ்சு கிரீடம் மாதிரி நிக்குது. கண்ண மூடினாலும் நிக்குது. எடது கை மரத்துப் போச்சு, உதட்டுல எறும்பு ஊருத மாதிரி. நான் பயந்து போயி, வெளக்க அணைங்க, கண்ணு எரியுதுன்னு சொல்லப் போறேன், வாயில வேற என்னவோ வருது. நான் சொல்லுகது எனக்கே வெளங்கல. ஒங்க ஆச்சி பாத்தா. கொட்டாவி விட்டா, சர்க்கரை கேட்டா, கண்ணு நெலகுத்தி நிக்குது, மனுச பாஷ இல்ல. நம்ம ஊருல இசக்கியம்மன் வாறதுக்கு இதவிட வேற என்ன அடையாளம் வேணும்? நெடுஞ்சாங்கெடையா எனக்க காலுல விழுந்தா. ஏழு வருசம் என்னப் பேர் சொல்லிக் கூப்பிடாதவ, அம்மா, தாயேன்னு எனக்க காலப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

பெறகு இடி தொடங்கிச்சு. ரெண்டு நாளு இருட்டு முறியில கெடந்து வாந்தி எடுத்தேன். சாமி எறங்கிப் போன ஒடம்பு அப்பிடித்தான் நோவும்னு சொல்லி, கதவச் சாத்தி, யாரையும் ஒச்ச போடாம காவல் காத்தா எங்க மாமியா. மூணாம் நாளு எழும்பி வந்தா எனக்கு மொத எல. சூடு சோறு. இந்தா இல்ல, வடிவம்மா.

சிரிக்காதே. சிரி, பரவால்ல, சிரிப்புக்குள்ளதுதான். அதுக்குப் பெறகு நடந்தது இன்னும் சிரிப்பு. கொத்தவால் தெருவுல வேல்சாமின்னு ஒரு வத்தல் யாவாரி இருந்தாரு. அவரு ஒரு வெள்ளிக்கிழமை வந்து, லோடு எடுக்கட்டா வேண்டாமான்னு கேட்டு நிக்காரு. நான் தண்ணி குடுங்க, கதவச் சாத்துங்கன்னு சொல்லப் பாக்கேன். அதுல தண்ணின்னு ஒரு வார்த்த, கதவுன்னு ஒரு வார்த்த, அந்த ரெண்டும்தான் வெளிய வந்துது. மழ வரும், கடையச் சாத்துன்னு அம்மன் சொல்லிட்டான்னு அவரே அர்த்தம் பண்ணிக்கிட்டாரு. லோடு எடுக்கல. அந்த வாரம் பேஞ்ச மழையில மத்தவன் மூடையெல்லாம் நனைஞ்சு போச்சு. அதோட தீந்துது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டு ஏணிப்படியில நிக்க எடம் இருக்காது. கல்யாணம், வீடு கட்டு, மகன் கல்ஃபுக்குப் போலாமா, எல்லாத்துக்கும் நான். ஒண்ணு சொல்லுகேன் கேளு, நான் யாரையும் ஏமாத்தல. எனக்கும் அது அம்மன்தான். கண்ணுக்கு முன்ன கிரீடம் தெரியுது, நான் வேற என்னன்னு நெனக்கணும்?

அந்த வீட்டுல ஒரே ஒருத்திதான் நம்பல. ஒங்கம்ம.

பகவதி படிச்சவ. ஒங்கப்பா மஸ்கட்டுல இருந்தப்பம் ஒன்னையும் தூக்கிக்கிட்டுப் பெறந்த வீட்டுல வந்து நின்னா. லேபுல வேலைக்குப் போயிட்டு இருந்தா. வந்த ரெண்டாம் வாரமே எங்கிட்ட சொன்னா, மைனி, இது சாமி இல்ல, இதுக்குப் பேரு சென்னிக்குத்து, எங்க லேபுல ஒரு மேடத்துக்கு இதே மாதிரிதான் வரும், வெளிச்சம் தெரியும், வார்த்த தப்பும், பெறகு இடி, வாந்தி. மருந்து உண்டு மைனின்னா. நான் வாயப் பொத்துடீன்னேன். அம்மனப் பத்தி அப்பிடிச் சொல்லப்படாதுன்னேன். அவ விடல.

கல்லாறுக்கு நாம மூணு பேருமாப் போனது ஒனக்கு ஓர்மை உண்டா? கொஞ்சம் உண்டா? ஒனக்கு அஞ்சு வயசு, கூழாங்கல்லு பொறுக்கி எனக்க மடியில கொண்டு போட்ட. எனக்கு அங்க வச்சு வந்துட்டு. சாமியும் இல்ல, வெளக்கும் இல்ல, ஆத்தங்கர. வெயிலு தண்ணியில பட்டு மின்னுச்சு, அவ்வளவுதான். ஒங்கம்ம சேல முந்தானைய ஆத்துல நனைச்சு எனக்க நெத்தியில கெட்டி, நெழலுல படுக்க வச்சு, எனக்க தலைய மடியில வச்சுக்கிட்டு இருந்தா. நான் கொழறினேன். அவ அர்த்தம் ஒண்ணும் பண்ணல. சாரமில்ல மைனி, பேசாண்டாம், இப்பம் போயிரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. காச்சுன தேங்கா வெளிச்செண்ண தேய்ப்பாள்லா, கய்யோணிக் கீரையும் கறிவேப்பிலையும் போட்டு. அந்த மணம். மத்த எந்த மணம் பட்டாலும் எனக்கு கொடலு பெறண்டு வரும், அது மட்டும் ஒண்ணும் செய்யல. இந்த ஒலகத்துல எனக்க மண்டையிடிய மண்டையிடியாப் பாத்தவ அவ ஒருத்திதான்.

ஆமா, பட்டம் ஜங்ஷன் கழிஞ்சாச்சு. இனி தம்பானூருல பிளாக்கு இருக்கும். பரவால்ல, பைய போ.

பெறகு அவளே ஒரு டாக்டர்கிட்ட கேட்டு குளிகை கொண்டு வந்து தந்தா. ஜீரக டப்பாவுக்குள்ள போட்டு ஒளிச்சு வச்சேன். தெனமும் ஒண்ணு. சத்தியமாச் சொல்லுகேன், பத்து வெள்ளிக்கிழமை வரல. பத்து வாரம் எனக்க மண்டை எனக்க மண்டையா இருந்துது. வெயிலப் பாக்கலாம், மொளகா நோம்பலாம், ஒண்ணும் செய்யல. எவ்வளவு சந்தோசமா இருக்கணும், இல்லியா?

ஏணிப்படியில நின்ன கூட்டம் மூணாவது வாரம் கொறைஞ்சுது. அஞ்சாவது வாரம் யாரும் வரல. அம்மன் போயிட்டான்னு ஊரு பேசிச்சு. ஒங்க ஆச்சி ஒரு மாசம் பொறுத்தா. பெறகு ஒரு நாளு அடுக்களையில வச்சு, ஏ, இந்தா, இந்தப் பாத்திரத்தத் தேய்ன்னா. அன்னைக்கு மத்தியானம் கடைசி எல. கறி தீந்துட்டு.

நான் ரசத்த ஊத்தித் தின்னேன். தின்னுட்டு எழும்பிப் போயி ஜீரக டப்பாவ எடுத்து, அந்தக் குளிகையெல்லாம் ஓடையில கொட்டினேன். ஒண்ணு விடாம கொட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வெரதம் இருந்தேன். வந்துது. அவ்வளவு கடுமையா அதுக்கு முன்ன வந்ததே இல்ல. நான் வாந்தி எடுத்துக்கிட்டே சந்தோசப்பட்டேன் மக்களே. ஒங்கம்ம வாசல்ல நின்னு பாத்தா. டப்பா காலின்னு அவளுக்குத் தெரியும். அதுக்குப் பெறகு எங்கிட்ட சரியாப் பேசுகதில்ல. அவ பேசாதது எனக்கு நல்லதுன்னு தோணிச்சு. ஏன்னா அவ ஒருத்தி வாயத் தொறந்தா எனக்க மொத எல போயிரும். பயம். பேடிதான். பேடி வந்தா பெறகு வெறுப்பும் வரும். அதச் சொல்லதுக்கு எனக்கு நாணமா இருக்கு, ஆனாலும் சொல்லுகேன். எனக்க தலைய மடியில வச்சவள நான் வெறுத்தேன்.

என்ன? கொட்டாவியா? ஆமா, காலையில இருந்தே விட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆஸ்பத்திரியில டோக்கன் எடுத்து மூணு மணிக்கூறு, அந்த டியூப் லைட்டு, டெட்டால் நெடி, காலையில ஒண்ணும் தின்னல. பின்ன வராம இருக்குமா? இப்பம் தொடங்கிட்டு மக்களே. நீ வண்டிய நிறுத்தாண்டாம். நிறுத்தாதன்னு சொல்லுகேம்லா. திருப்பி ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் போகாண்டாம், டாக்டரு தந்த கவரு கூட்டுக்குள்ள வந்தா போடுக குளிகை இருக்குன்னு எனக்குத் தெரியும். வீட்டுல போயி போடுகேன். இப்பம் போட்டா ஒறக்கம் வரும்னு சொன்னாரு. எனக்கு இப்பம் ஒறங்கப்படாது.

வெளிச்சம் வந்து பத்து நிமிசம் ஆச்சு. நீ இருக்க பக்கந்தான். ஒனக்க மொகத்துல பாதி இல்ல இப்பம். பேடிக்காதே, அந்தப் பாதியில பல்லு பல்லா மின்னுது, அவ்வளவுதான். மத்தப் பாதி அப்பிடியே ஒங்கம்ம. அதே மூக்கு. நான் இந்தப் பாதியப் பாத்துப் பேசுகேன். இனியும் ஒரு பத்து நிமிசம் எனக்கு நாக்கு ஒழுங்கா இருக்கும். அதுக்குள்ள சொல்லணும். அதுக்குப் பெறகு நான் என்ன சொன்னாலும், அத்தைக்குத் தீனம், அதான் ஒளறுகான்னு நீ தள்ளிருவ. நல்ல நாக்கோட சொல்லணும் எனக்கு.

அந்த எண்ண மணம் கேட்டேம்லா. அது வண்டியில இல்ல, எனக்க மண்டையில இருக்கு. ஒங்கம்ம போனதுக்குப் பெறகு ஒவ்வொரு மட்டமும் இடி வாறப்பம், வெளிச்சத்துக்கு முன்ன அந்த மணம் வரும். கய்யோணி, கறிவேப்பில. நான் ஒறப்பா நெனச்சேன், பகவதி வந்து நிக்கான்னு. ஏணிப்படிய எட்டிப் பாப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க, மணம் மட்டும் இருக்கும். டாக்டர்கிட்ட இன்னைக்கு அதையும் சொன்னேன். அவரு அதுக்கும் சிரிச்சாரு. இல்லாத மணம் தெரியுகதும் இதுல சேந்ததுதான் அம்மா, தெனம் போடுக குளிகை போட்டா அதுவும் நின்னுரும்னாரு. நீ வெளிய வந்தப்பம், மருந்த ஒழுங்காத் தின்னுவேன்னு சத்தியம் பண்ணு அத்தேன்னு கேட்ட. நான் பண்ணல. ஏன்னு இப்பம் வெளங்கிச்சா? அவ வாறதுக்கு இருக்க ஒரே வழி அது. அதையும் நானே அடைக்கணும்.

தின்னுகேன். நீ சொன்னா தின்னுகேன். நான் சொல்லி முடிச்சதுக்குப் பெறகும் நீ தின்னுன்னு சொன்னா தின்னுகேன்.

ஏழாம் மாசச் சடங்குக்கு எங்க அம்மைக்குப் பகரம் நீங்கதான் நிக்கணும்னு சொன்னேல்லா, ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு. எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு. எனக்க இந்த அம்பத்தெட்டு வயசுல எங்கிட்ட யாரும் அப்பிடி ஒண்ணு கேட்டதில்ல. மாமா கேட்டா சந்தோசப்படுவாரு. எனக்கு சம்மதம்னு சொல்லதுக்கு வாயி வரைக்கும் வந்துது. சொல்லியிருந்தா எல்லாம் சுகமா முடிஞ்சிருக்கும். வயித்துப் பிள்ளக்காரிகிட்ட இதெல்லாம் பேசப்படாதுன்னும் எனக்குத் தெரியும். ஆனா நீ மன்னிப்பு கேட்டுட்ட. தீனக்காரிய வெறுத்துட்டேன்னு சொல்லி நீ அழுக. அதக் கேட்டுக்கிட்டு நான் எப்பிடி ஒனக்குக் கையில வளையல் போடுவேன்?

பழவங்காடி கோயிலு வந்துட்டா? தேங்கா ஒடைக்க ஒச்ச கேக்குது. ஒவ்வொண்ணும் எனக்க மண்டைக்குள்ளதான் ஒடையுது. கண்ணாடிய நல்லா ஏத்து. ஆங், போதும்.

ஒங்கம்மைக்கு மாருல ஒரு கட்டி வந்துது. நெல்லிக்கா அளவு கூட இல்ல. அவளேதான் லேபுல குடுத்துப் பாத்தா. டாக்டரு சொல்லியாச்சு, ஒடனே எடுத்துரணும், எடுத்தா ஒண்ணும் பேடிக்காண்டாம்னு. திங்கக்கிழமைக்கு ஆபரேசன் நாளும் குறிச்சாச்சு. ஒங்க ஆச்சிக்கு ஆபரேசன்னாலே பேடி. அம்மன்கிட்ட கேக்காம எனக்க மகளக் கத்திக்குக் குடுக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. வெள்ளிக்கிழமை வந்துது. நான் வெரதம் இருந்தேன். எல்லாரும் வந்து இருந்தாங்க. மாமா, ஆச்சி, வேல்சாமி அண்ணாச்சி கூட வந்திருந்தாரு. ஒன்ன ஒங்கம்ம கையில பிடிச்சுக்கிட்டு நடவாசல்ல சாஞ்சுக்கிட்டு நின்னா. அவ மொகத்துல ஒரு சிரிப்பு. கேலிச் சிரிப்புன்னு நான் அப்பம் நெனச்சேன். இப்பம் யோசிச்சா, அவளும் பேடிச்சுதான் நின்னிருக்கா. பேடிச்சவ மொகம் அப்பிடியும் இருக்கும்.

கத்தி படக்கூடாது. பட்டா உசிரு தங்காது. நான் பாத்துக்கிடுகேன். அம்மன் அப்பிடிச் சொன்னா. ஒனக்கும் அது தெரியும், ஒங்கப்பா வீட்டுல ஆயிரம் மட்டம் சொல்லியிருப்பாங்க. ஒண்ணையும் நம்பாத ஒங்கம்ம அத மட்டும் பிடிச்சுக்கிட்டா. கத்தியில்லாம தப்பிக்கதுக்கு ஒரு சாக்கு கெடைச்சா யாருதான் விடுவா? சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, பெறகு வாறேன்னு சொன்னா. பெறகு போனப்பம் ஏழு மாசம் ஆயிருந்துது. அதுக்கு மேல ஒனக்குத் தெரியும்.

இரி. கொஞ்சம் இரி, இந்தக் கை மரத்துப் போவுது. உதட்டுலயும் வந்துட்டு. நீ குறுக்க பேசாதே, சொல்ல விடு.

தீனம் சொல்ல வச்சுது அத்தேன்னு நீ சொல்லுக. டாக்டரும் அப்பிடித்தான் சொல்லுவாரு. மண்டைக்குள்ள இருக்க வஸ்து, அலை, செரட்டோனின். எல்லாம் செரிதான் மக்களே. எல்லா வெள்ளிக்கிழமைக்கும் அது செரிதான். வேல்சாமிக்கும் செரி, மத்தவங்களுக்கும் செரி, அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல. ஆனா நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு. நான் நல்லாப் பேசுன மாதிரி ஒரு வெள்ளிக்கிழமையாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா? தண்ணி, கதவு, அவ்வளவுதான் எனக்கு வரும். கத்தி படக்கூடாதுன்னு ஒரு வார்த்தையும் தப்பாம, இலக்கணமா, யாரும் அர்த்தம் பண்ண அவசியமில்லாம சொன்னேன் அன்னைக்கு.

அன்னைக்குக் கொட்டாவி வரல. வெளிச்சம் வரல. காலையில இருந்து காத்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் வரல. எல்லாரும் எனக்க வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அவ நடவாசல்ல நின்னு சிரிக்கா. கண்ண நெலகுத்தி வைக்கதுக்கு எனக்குத் தெரியாதா, எத்தன வருசம்? அவ லேபு, அவ டாக்டரு, அவ குளிகை, அதெல்லாம் ஒரு மட்டம் தோத்துப் போட்டும்னு நெனச்சேன். சாவணும்னு நெனைக்கல. ஒங்கம்மமேல ஆணையா அது நெனைக்கல. தோக்கணும்னு மட்டும்தான் நெனச்சேன். திங்கக்கிழமைக்குள்ள எப்பிடியாவது மாத்திச் சொல்லிரலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம ஆச்சி எனக்குக் காலக் கழுவி விட்டா. மாத்திச் சொல்லல.

சாமி வந்து போனா ரெண்டு நாளு கெடக்கணும்லா, அதனால முறியில போயி கதவச் சாத்திக்கிட்டுப் படுத்தேன். வெளக்கு வச்சு ஒரு மணிக்கூறு கழிஞ்சிருக்கும். ஒங்கம்மதான் கதவத் தொறந்துக்கிட்டு வந்தா. நான் வாந்தி எடுத்திருப்பேன்னு நெனச்சு, ஒரு கையில பேசினு, ஒரு கையில நனைச்ச துணி. எனக்கு மண்டையிடி இல்ல மக்களே. பசி. காலையில இருந்து வெரதம், அப்பிடி ஒரு பசி. தின்னுகதுக்கு எதாவது இருக்கான்னு கேட்டேன். அவ பேசினக் கீழ வச்சுட்டுப் போயி, தோசை சுட்டுக் கொண்டு வந்தா. மூணு தின்னேன். நான் தின்னுகதப் பாத்துக்கிட்டே பக்கத்துல இருந்தா. எல்லாம் வெளங்கியிருக்கும் அவளுக்கு. இன்னும் ஒண்ணு போடட்டா மைனின்னு மட்டும் கேட்டா.